பதினாறு மடங்கு டிரேட்மார்க்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2022-இல் சீனாவில் சுமார் 75 லட்சம் டிரேட்மார்க் விண்ணப்பங்கள். இந்தியாவிலோ 2022-23 நிதியாண்டில் 4.66 லட்சம்தான். மக்கள்தொகை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. பதினாறு மடங்கு வித்தியாசம்! நம்மவர்களுக்குத் தொழில் முனைப்பே இல்லை என்றுதானே அர்த்தம்? நானும் ஈரோட்டில் சில வருடங்களாக மசாலாப் பொடி விற்கிறேன், பெயரைப் பதியவில்லை. பதிய வேண்டுமா?

— வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

எண்கள் சரிதான். ஆனால் எண்ணும் முறை வேறு. சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சீனக் கணக்கில் ஒவ்வொரு வகுப்பும் ஒரு விண்ணப்பம். நம் ஊரில் ஒரே படிவத்தில் ஐந்து வகுப்புகள் கேட்டாலும் அது ஒன்றுதான். உலக அறிவுசார் சொத்து அமைப்பு எல்லா நாடுகளையும் வகுப்புக் கணக்குக்கு மாற்றித்தான் ஒப்பிடுகிறது. வெளிநாட்டார் விண்ணப்பங்களைக் கழித்தாலும் பெரிதாக எதுவும் மாறாது. இரு நாட்டிலும் உள்நாட்டாரே மிகப் பெரும்பான்மை.

அப்படியும் சீனா எங்கோ மேலேதான் நிற்கிறது. காரணம் சட்டத்தில் இருக்கிறது. அங்கே முதலில் விண்ணப்பித்தவனுக்கே பெயர். முன்பே விற்றுக்கொண்டிருந்தவருக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. அதனால் வேறு யாராவது தட்டிக்கொண்டு போவதற்குள், தொடர்பே இல்லாத வகுப்புகளிலும் சேர்த்துப் பதிகிறார்கள். தட்டிக்கொண்டு போகிறவர்களும் சும்மா இல்லை. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின்போது பாண்டா சின்னத்தின் பெயரையும் பனிச்சறுக்கு வீராங்கனை ஐலீன் கு-வின் பெயரையும் கேட்டுக் குவிந்தவற்றில் 429 விண்ணப்பங்களை அந்நாட்டு டிரேட்மார்க் அலுவலகம் ஒரே வீச்சில் தள்ளுபடி செய்தது. இவர்களையும் தொழில்முனைவோர் என்றா எண்ணுவீர்கள்?

கட்டணத்தையும் பாருங்கள். 2017-இல் சீனா ஒரு வகுப்புக்கான கட்டணத்தை 600 யுவானிலிருந்து 300 ஆக்கியது. முந்தைய ஆண்டு 37 லட்சமாக இருந்த விண்ணப்பம் அந்த ஆண்டே 57 லட்சத்தைத் தாண்டியது. அதே 2017-இல் நாம் என்ன செய்தோம்? 4,000 ரூபாயை நிறுவனங்களுக்கு 9,000 ஆக்கினோம், தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் 4,500. அப்புறம், சீனாவில் 2021-இல் 94 லட்சத்துக்கு மேல் இருந்ததுதான் அடுத்த ஆண்டு 75 லட்சமானது. இந்தியாவின் ஓராண்டு விண்ணப்பங்களைப் போல நான்கு மடங்கு ஒரே வருடத்தில் காணாமல் போயிற்று. அத்தனை தொழில்களா மூடப்பட்டன? பொருளாதாரம் சுணங்கியது ஒரு பக்கம். போலி விண்ணப்பங்களைக் களையெடுத்தது மறுபக்கம்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, முதலில் பயன்படுத்தியவரின் உரிமையைக் காக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் இரு தரப்பிடமும் பதிவுச் சான்றிதழ் இருந்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பெயரில் யார் முதலில் விற்றார்கள் என்பதைப் பார்த்து, பழைய கடைக்கே தீர்ப்பளித்தது. பதியாமலே காலம் தள்ளலாம் என்ற தைரியம் நம் கடைக்காரர்களுக்கு இங்கிருந்துதான் வருகிறது. சோம்பேறித்தனமும் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் பதிந்துவிடுங்கள். உச்ச நீதிமன்றம் வரை போக 4,500 ரூபாய் போதாது. எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று படிவத்தில் ஒரு கேள்வி வரும், அதற்குப் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் கேட்பார்கள். முதல் பில்லையும், பாக்கெட் அச்சடித்த ரசீதையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.