மருத்துவர் பதில்: கணுக்கால் காயத்துக்குப் பின் முதல் மலைப்பாதை ஓட்டம்

கேள்வி: நான் 38 வயதுப் பெண். சேலத்தில் வசிக்கிறேன். சில ஆண்டுகளாக ஓடிவருகிறேன். அரை மாரத்தான்களை முடித்திருக்கிறேன். கடந்த டிசம்பரில் வலது பாதம் உள்பக்கமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்புறத் தசைநார் ஓரளவு கிழிந்துவிட்டது. ஏப்ரல் இறுதிவரை ஓடவில்லை. மே மாதம் மெல்லத் தொடங்கி, எட்டு வாரங்கள் கழித்து இப்போது வாரத்துக்கு மூன்று நாள், நிற்காமல் 8 கி.மீ. ஓடுகிறேன், மூச்சு வாங்குவதில்லை. ஆகஸ்டில் ஏற்காட்டில் நடக்கும் இந்தப் பருவத்தின் முதல் மலைப்பாதை ஓட்டத்தில் 21 கி.மீ. பிரிவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 10 கி.மீ. பிரிவும் உண்டு. ஏழு வாரங்கள் இருக்கின்றன. ஆனால் இரண்டு வாரமாக, அதிக தூரம் ஓடிய மறுநாள் காலையில் வலது கணைக்காலின் உள்பக்கம் வலிக்கிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் தெரிவதில்லை. நான் கலந்துகொள்ளலாமா?

பதில்: கணைக்கால் வலியைப் பரிசோதித்து, அது எலும்பில் ஏற்பட்ட விரிசல் அல்ல என்று உறுதியான பிறகு, 10 கி.மீ. பிரிவில் தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள். 21 கி.மீ. இந்த ஆகஸ்டில் வேண்டாம். மூச்சு வாங்கவில்லை என்பதை உடல் தயாராகிவிட்டதற்கு அடையாளமாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குக் கவலை.

ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் குறைவது இதயமும் இரத்தமும் சேர்ந்து தரும் திறன்தான். நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை நிறுத்தியபோது, உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு முதல் மூன்று வாரங்களில் சுமார் 7 விழுக்காடும், 12 வாரங்களில் சுமார் 16 விழுக்காடும் குறைந்ததை 1984-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வேகமாகக் குறையும் இந்தத் திறன் திரும்பவும் வேகமாகவே வருகிறது. இரத்தத்தின் நீர்மப் பகுதி சில நாட்களிலேயே கூடத் தொடங்குவதால், நான்கைந்து வாரங்களில் பழையபடி ஓடுகிறோம் என்ற உணர்வு வந்துவிடும். எலும்பின் கணக்கு வேறு. புதிய சுமையைச் சந்திக்கும் எலும்பு, முதலில் தன் பழைய பகுதிகளை அரித்து நீக்கிவிட்டு, பிறகுதான் அங்கே புதிய எலும்பை நிரப்புகிறது. ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதங்கள் ஆகும். அரிப்பு முடிந்து நிரப்பு முழுமை பெறாத இடைக்காலத்தில் அந்த இடம் முன்பைவிடச் சற்று வலுவிழந்தே இருக்கும். எட்டாவது வாரத்தில் இருக்கும் நீங்கள் ஏறத்தாழ அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள். வலி இப்போது தலைகாட்டுவதில் வியப்பில்லை.

ஆகவே கணைக்காலை முதலில் பார்ப்போம். நாற்காலியில் உட்கார்ந்து, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். கீழ்ப்பகுதியில் நான்கு விரற்கடைக்கு மேல் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கியதும் குறைந்துபோனால், அது பெரும்பாலும் எலும்பை மூடியிருக்கும் சவ்வும் தசைகளும் சுமை தாங்காமல் நோவதுதான். ஓட்டத்தைக் குறைத்து, கெண்டைக்கால் தசைகளை வலுப்படுத்தினால் அடங்கிவிடும். மாறாக, ஒரு விரல்நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தாலோ, ஓட ஓட வலி கூடினாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, அன்றிலிருந்து ஓட்டத்தை முற்றிலும் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்ததும் நிம்மதியடைந்து ஓடத் தொடங்கிவிடுபவர்கள் உண்டு. அழுத்தத்தால் வரும் விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். விரிசல் உறுதியானால் இந்த ஓட்டத்தை விட்டுவிடத்தான் வேண்டும். கட்டிய பணம் போனாலும் போகட்டும். பாதி விரிந்த எலும்பு மலையிறக்கத்தில் முழுதாக முறிந்தால் அடுத்த பருவமும் போய்விடும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த நிலையில் உங்களிடம் இருக்கும் ஒரே எச்சரிக்கை மணி வலிதான். அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. ஓடும்போது இரத்தம் தசைகளுக்குத் திருப்பப்படுவதால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது. அப்போது சிறுநீரக இரத்தக் குழாய்களைத் திறந்துவைக்க உடல் சுரக்கும் பொருட்களை இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் தடுத்துவிடுகின்றன. வியர்வையில் நீரும் இழந்து, தசைகளும் நைந்திருக்கும் நேரத்தில் இது சிறுநீரகத்தைத் திடீரெனப் பாதிக்கக்கூடும்.

அடுத்தது கணுக்கால். ஒருமுறை பிசகிய கணுக்கால் மறுபடி பிசக வாய்ப்பு அதிகம். தசைநார் ஆறியிருந்தாலும், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புணர்வு தானாக முழுமையாகத் திரும்புவதில்லை. அதைப் பயிற்சியால் மீட்க வேண்டும். சமதளச் சாலையில் இந்தக் குறை தெரியாது. ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களின் ஊடே செல்லும் பாதையில், ஆகஸ்டு மழையில் நனைந்த சில்வர் ஓக் சருகுகள் கற்களையும் வேர்களையும் மூடிக்கிடக்கும். கால் வைத்த பிறகுதான் கீழே இருப்பது தெரியும். காலணி இல்லாமல் வலது காலில் மட்டும் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். இடது காலில் நிற்கும் அளவுக்கு ஆடாமல் நிற்க முடிகிறதா? வலது குதிகாலை மட்டும் உயர்த்தி இறக்குவதை இடது காலில் செய்யும் எண்ணிக்கைக்குச் செய்ய முடிகிறதா? ஒற்றைக் காலில் பக்கவாட்டில் தாவி இறங்கும்போது தயக்கம் வருகிறதா? இவற்றில் குறை தெரிந்தால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் மேற்பார்வையில் தினமும் பத்து நிமிடம் சமநிலைப் பயிற்சி செய்யுங்கள். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பதும் பயிற்சிதான். ஓட்ட நாளன்று கயிறு கட்டும் வகை கணுக்கால் பட்டையை அணிவதை நான் ஆதரிக்கிறேன். அது காலைப் பலவீனப்படுத்திவிடும் என்ற அச்சம் தேவையில்லை.

ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். அந்த உயரம் உங்களுக்குப் பெரிய தடையாகாது. தடையாகப்போவது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்க வேண்டியிருப்பதால் அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியாமல் போவது இதனால்தான். ஒன்பது பாகைச் சரிவில் இறங்கி ஓடும்போது பாதம் தரையில் மோதும் விசை, சமதளத்தில் ஓடுவதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. உங்கள் கணைக்காலுக்கு அந்தச் சுமை இன்னும் பழக்கமில்லை. தசைகளைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி உண்டு. ஒருமுறை அளவாக இறக்கத்தில் ஓடி வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே சேதத்தை எளிதில் அடைவதில்லை.

இதைப் பயன்படுத்தித்தான் ஏழு வாரங்களையும் வகுக்க வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் ஓடும் தூரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்துக்கு மிதிவண்டி அல்லது நீச்சல். கூடவே வாரம் மூன்று நாள் படியிலிருந்து ஒற்றைக் காலால் மெதுவாக இறங்கும் பயிற்சியும், குதிகால் உயர்த்தும் பயிற்சியும். கணைக்கால் வலி அடங்கிய பிறகே மலை. கஞ்சமலைப் பாதையிலோ ஏற்காட்டிலோ வேகமாக நடந்து ஏறி, இறங்கும்போது ஒரு கிலோமீட்டர் மட்டும் மெதுவாக ஓடுங்கள். பத்து நாட்களுக்கு ஒருமுறை அதைச் சற்றே நீட்டி, கடைசி இறக்கப் பயிற்சியைப் போட்டிக்குப் பன்னிரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் ஓட வேண்டாம்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க வேண்டும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? ஓய்வுக் காலத்தில் ஏறிய எடையைக் குறைக்க உணவைச் சுருக்கிக்கொண்டே பயிற்சியைக் கூட்டும் பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும், அதோடு எலும்பு வலுவிழப்பதும் நேர்கிறது. ஹீமோகுளோபின், உடலில் சேமித்துள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தச்சோகை இருப்பதை 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியிருக்கிறது. ஓடுகிறவர்கள் அதற்கு விலக்கல்ல.

ஓட்ட நாளில் கூட்டத்தின் பின்வரிசையில் நில்லுங்கள். ஏற்றங்களில் நடங்கள், மலைப்பாதை ஓட்டத்தில் தேர்ந்தவர்களும் செங்குத்தான ஏற்றத்தில் நடக்கவே செய்கிறார்கள். இறக்கத்தில் அடிகளைக் குட்டையாகவும் அடுத்தடுத்தும் வையுங்கள். உடலைப் பின்னால் சாய்த்துக் குதிகாலை ஊன்றினால் வழுக்கும். தாகத்துக்குத் தக்கபடி குடியுங்கள். தாகமில்லாமல் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரும். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், கணைக்காலில் ஒரே இடத்தில் குத்தும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும், முடிவுக்கோடு கண்ணில் தெரிந்தாலும் நின்றுவிடுங்கள்.

ஓடிய பிறகு தொடைவலி மூன்று நான்கு நாள் இருக்கும். நடந்தால் போதும், மசாஜுக்கு அவசரமில்லை. சிறுநீர் கறுப்புக் காப்பியின் நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலி முழுவதும் நீங்கிய பிறகு சமதளத்தில் 3 கி.மீ. ஓடிப் பார்த்து, மறுநாள் காலையில் கணைக்காலை மீண்டும் அதேபோல் அழுத்திப் பாருங்கள். வலி இல்லையென்றால், டிசம்பர் அல்லது ஜனவரியில் 21 கி.மீ. ஓடுவதற்கான பயிற்சியை அந்த வாரமே தொடங்கலாம்.