எஞ்சினா, மோட்டாரா: ஜே.சி. சாலைத் தந்தை ஒருவருக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற சனிக்கிழமை பெங்களூர் அல்சூரில் உள்ள என் கல்வி ஆலோசனை அலுவலகத்துக்கு மகளோடு வந்திருந்தபோது நீங்கள் கேட்ட கேள்விக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. வெளியே அடுத்தவர்கள் காத்திருந்தார்கள். ஜே.சி. சாலையில் இருபத்தைந்து ஆண்டுகளாக உதிரிபாகக் கடை நடத்தும் நீங்கள், "பிஸ்டனும் ரிங்கும் விற்ற காசில்தான் இவளைப் படிக்க வைக்கிறேன். அந்தப் பிஸ்டனே இல்லாமல் போகிற காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் செய்வேன் என்கிறாளே, பேசாமல் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிடலாமா?" என்று கேட்டீர்கள். சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் உங்கள் மகள் மனத்தில் வைத்திருக்கும் எஞ்சினின் படமும் கொஞ்சம் மாறியாக வேண்டும்.

தெருவில் ஓடும் மின் ஸ்கூட்டர்களை வைத்து, பிஸ்டனுக்குக் காலம் முடிகிறது என்று நீங்கள் போடும் கணக்கு தவறில்லை. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்கள் அதே வழியில் போகவில்லை. 2013-இல் போர்ஷே 918, மெக்லாரன் பி1, லாஃபெராரி ஆகிய மூன்றும் எஞ்சினோடு மின்மோட்டாரைச் சேர்த்துக்கொண்டு வந்தபோது, அது கோடீசுவரர்களின் விளையாட்டுப் பொருள் என்றே பலரும் நினைத்தார்கள். 2023-இல் வந்த லம்போர்கினி ரெவுவெல்டோவில் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் அப்படியே இருக்கிறது. கூடவே மூன்று மோட்டார்கள். மின்சாரத்தில் மட்டும் ஓடும் நெவெரா என்ற அதிவேகக் காரைச் செய்து பெயரெடுத்த மாத்தே ரிமாட்ஸ், தம் பொறுப்பில் உள்ள புகாட்டிக்காக 2024-இல் அறிமுகப்படுத்திய டூர்பில்லானில் பதினாறு சிலிண்டர் எஞ்சினோடு மூன்று மோட்டார்களை வைத்தார் என்பதை உங்கள் மகளே எனக்கு நினைவூட்டினாள்.

காரணம் எடைதான். ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. நல்ல லித்தியம் பேட்டரி செல்லில் ஒரு கிலோவுக்குக் கால் யூனிட்டை ஒட்டியே அடங்குகிறது. எஞ்சின் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கிறது என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிதாகவே நிற்கிறது. அதனால்தான் முழு மின்சாரக் காரான போர்ஷே டைகான் இரண்டு டன்னைத் தாண்டுகிறது. அதே நிறுவனத்தின் 911 ஒன்றரை டன் அளவில் நிற்கிறது. நேர்ச்சாலையில் மோட்டாரின் பாய்ச்சலை எந்த எஞ்சினாலும் எளிதில் எட்ட முடியாது. ஆனால் வளைவில் திரும்பும்போதும், பந்தயத் தளத்தில் சுற்றுமேல் சுற்றாக விரட்டும்போதும் எடையும் சூடும் தம் வேலையைக் காட்டிவிடுகின்றன.

உங்கள் மகள் தன் நோட்டில், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் குறுக்குவெட்டு ஒன்றை வரைந்து வைத்திருந்தாளே, அதைக் கொண்டே மேலே சொல்கிறேன். புகையின் விசையில் சுழலும் சக்கரம் ஒருபுறம், காற்றை அழுத்தித் தள்ளும் சக்கரம் மறுபுறம், நடுவே ஒரு தண்டு என்பது நீங்கள் நாள்தோறும் கையில் எடுக்கும் பொருள். 2024-இல் வந்த 911 கரேரா ஜி.டி.எஸ். ஹைப்ரிட்டில் அந்தத் தண்டின்மேலேயே ஒரு சிறு மின்மோட்டாரை உட்கார வைத்திருக்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் புகை வரும்வரை காத்திராமல் மோட்டாரே தண்டைச் சுழற்றிவிடுகிறது. புகை மிகுந்தால் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. கியர்பாக்ஸுக்குள் இன்னொரு மோட்டார்; இரண்டுக்கும் சேர்த்து 1.9 யூனிட் கொள்ளளவுள்ள, இருபத்தேழு கிலோ எடை கொண்ட பேட்டரி. இதைச் செய்தவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நெருப்பாய்க் கொதிக்கும் புகைச் சக்கரத்துக்குச் சில அங்குலத் தொலைவில் செப்புச் சுருள் இருக்கிறது, அதன் காப்பு உருகிவிடக் கூடாது. தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை சுழல்கிறது, பேரிங் தாங்க வேண்டும். 400 வோல்ட் மின்சாரத்தை எந்த நொடியில் கொடுப்பது, எந்த நொடியில் வாங்குவது என்பதை நிரல் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே அவள் மெக்கானிக்கல் படிக்கட்டும். ஆனால் வெப்பவியலோடு மின்மோட்டார்கள், பவர் எலெக்ட்ரானிக்ஸ், கட்டுப்பாட்டியல் ஆகியவற்றையும் விருப்பப் பாடங்களாக எடுத்துக்கொள்ளட்டும். எலெக்ட்ரிக்கல் எடுத்தாலும் குறையில்லை, அப்போது இயந்திரவியலை அவளாகத் தேடிப் படிக்க வேண்டியிருக்கும். "மின்வாகனப் பொறியியல்" என்று கவர்ச்சியான பெயர் சூட்டி, மேனேஜ்மென்ட் கோட்டாவில் பெருந்தொகை கேட்கும் இளநிலைப் படிப்புகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பெயர் குறுகக் குறுக, பின்னால் திரும்புவதற்கான வழியும் குறுகிவிடுகிறது.

முழு மின்சாரத்தை ஒதுக்கிவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. 2035 முதல் புதிய கார்களின் புகைக்குழாயிலிருந்து கரியமில வாயு வரவே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி வகுத்தது. பிறகு அதைத் தளர்த்தும் பேச்சும் எழுந்தது. 2025-இல் போர்ஷேயே தன் மின்சாரத் திட்டங்களைத் தள்ளிவைத்தது. இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேரும் பெண் முப்பத்தாறு ஆண்டுகள் உழைக்கப் போகிறாள். அதற்குள் இந்தக் காற்று எத்தனை முறை திசை மாறுமோ. ஹூண்டாயின் "ஐயானிக் 5 N" என்ற மின்சாரக் காரில், இல்லாத கியரை இருப்பதுபோல் உலுக்கிக் காட்டி, எஞ்சின் ஓசையையும் ஸ்பீக்கரில் எழுப்புகிறார்கள் என்றதும் அவள் "பொய்ச் சத்தம்" என்று சிரித்தாள். அந்தப் பொய்யைப் பொருத்தமாகச் சொல்வதும் ஒருவருடைய சம்பள வேலைதான்.

வேலை பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஃபெராரி தயாரிக்கும் ஆலை எதுவும் இல்லை. வொயிட்ஃபீல்டில் மெர்சிடிஸ் பென்ஸின் ஆராய்ச்சி மையமும், நகருக்குள் பாஷ் அலுவலகங்களும், ஏத்தர், அல்ட்ராவயலட் போன்ற மின் இருசக்கர வாகன நிறுவனங்களும் இருக்கின்றன. அங்கெல்லாம் ஸ்பானர் பிடிப்பவர்களைவிடக் கணினித் திரையில் மாதிரிகளை ஓட்டிப் பார்ப்பவர்களே அதிகம். இது அவளுக்குச் சம்மதமா என்று கேளுங்கள்.

சேர்க்கைக்கு, கர்நாடகப் பொது நுழைவுத்தேர்வான கே.சி.இ.டி.யின் தரவரிசை வரட்டும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் நுழைவுத்தேர்வு கிடையாது, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு என்பதால், பூர்விகச் சான்று வாங்கி அதற்கும் விண்ணப்பித்து வையுங்கள், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் கோவை பி.எஸ்.ஜி.யிலும் ஆட்டோமொபைல் பிரிவே தனியாக உண்டு. எந்தக் கல்லூரிக்குப் போனாலும், அதன் மாணவர் அணி கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் நடக்கும், மாணவர்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டிக்கொண்டு போனதுண்டா என்று மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் விசாரியுங்கள். அங்கே பெட்ரோல் கார்களுக்கும் மின்சாரக் கார்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. கார் ஷெட்டில் நிற்கிறதா, கிரீஸ் படிந்த கைகள் தென்படுகின்றனவா என்று நேரில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அடுத்த முறை வருவதற்குள் ஒரு வேலை. உங்கள் கடைப் பக்கம் பழுதாகிக் கழித்துப் போட்ட டர்போ ஏதாவது கிடந்தால் மகளிடம் கொடுங்கள். அருகில் நின்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அவளே பிரித்து, தண்டு தேய்ந்தது எண்ணெய் போகாததாலா, மண் புகுந்ததாலா, வேறெதனாலா என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வரட்டும். வேகத்தின் மேல் உள்ள ஆசையா, வேலையின் மேல் உள்ள ஆசையா என்பது அந்த இரண்டு பக்கத்தில் எனக்குத் தெரிந்துவிடும். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வாருங்கள். முதல் அரை மணி நேரம் அவளுடன் மட்டும் பேச விரும்புகிறேன்.