‘டர்ன் ஆஃப் இட்’ தவறு, ‘லுக் ஆஃப்டர் இட்’ சரி: ஏன்?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ஆங்கிலத்தில் ‘டர்ன் ஆஃப் தி லைட்’ என்றும் சொல்லலாம், ‘டர்ன் தி லைட் ஆஃப்’ என்றும் சொல்லலாம்; ஆனால் அந்த லைட்டின் இடத்தில் ‘இட்’ வந்துவிட்டால் ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டுமே சரி என்கிறார்கள். அப்படியானால் ‘லுக் ஆஃப்டர் இட்’ என்பதில் மட்டும் ‘இட்’ எப்படிக் கடைசியில் நிற்கிறது? இதற்கு விதி உண்டா, அல்லது மனப்பாடம்தான் வழியா?

விதி உண்டு. நான் அதைத் தேடிப் படித்தது சூடுபட்ட பிறகுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாதியில் தடுமாறி நின்ற ஒரு பணியைப் பற்றி வாடிக்கையாளருக்கு ‘வீ வில் சீ த்ரூ இட்’ என்று மின்னஞ்சல் அனுப்பினேன். எப்பாடுபட்டாவது முடித்துத் தருவோம் என்பது என் எண்ணம். அதற்கு ‘சீ இட் த்ரூ’ என்று எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியதற்கோ, அதன் வேடத்தை நாங்கள் கண்டுகொள்வோம் என்று பொருள். ‘இட்’ ஓரடி தள்ளி நின்றதில் உறுதிமொழி சந்தேகமாக மாறிவிட்டது.

அப், ஆஃப், ஆன், ஓவர், த்ரூ போன்ற சிறுசொற்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், வினைக்குப் பின்னால் வரும்போது இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. முதல் வேலை, நாம் பள்ளியில் பிரிப்பொசிஷன் என்று படித்த முன்னிடைச்சொல்லின் வேலை. இது நம் வேற்றுமை உருபைப் போன்றது: ‘வித் மீ’ என்பது என்னோடு, ‘ஃபார் மீ’ என்பது எனக்காக. நம் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, அவர்களுடையது முன்னால் நிற்கிறது என்பதைத் தவிரப் பெரிய வேறுபாடு இல்லை. ‘ஓடு என்’ என்று நாம் எப்படிச் சொல்ல மாட்டோமோ, அப்படியே ‘லுக் இட் ஆஃப்டர்’ என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள். உருபு தன் பெயரை விட்டுப் பின்னால் ஓட முடியாது.

இரண்டாவது வேலை முற்றிலும் வேறு. இங்கே அந்தச் சிறுசொல்லுக்குப் பெயரோடு உறவில்லை, வினையோடுதான் உறவு. நம் துணைவினையை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று பிடிபடும். ‘ஈட் அப்’ என்பது தின்று தீர், ‘ரைட் டவுன்’ என்பது எழுதிக்கொள், ‘த்ரோ அவே’ என்பது தூக்கி எறிந்துவிடு. ‘எழுதிக்கொள்’ என்பதில் வரும் ‘கொள்’ எதையும் வாங்கிக்கொள்வதைக் குறிப்பதில்லை. ‘ஈட் அப்’ என்பதில் வரும் ‘அப்’பும் மேலே போவதில்லை. ஒரே ஒரு விலகல் உண்டு: தமிழில் வினைக்கும் துணைவினைக்கும் நடுவில் ‘அதை’ என்ற சொல்லை நுழைக்க முடியாது, ஆங்கிலத்தில் நுழைக்கலாம் என்பது மட்டுமல்ல, நுழைவது ‘இட்’, ‘ஹிம்’ போன்ற பிரதிப்பெயராக (ப்ரொனவுன்) இருந்தால் நுழைத்தே ஆக வேண்டும்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு பழைய இணை உண்டு. ‘ஹீ ரான் அப் எ ஹில்’ என்றால் குன்றின்மேல் ஓடினான். ‘ஹீ ரான் அப் எ பில்’ என்றால் செலவு செய்து பில்லை ஏற்றிவிட்டான். ஓரெழுத்து வேறுபாட்டைத் தவிர வாக்கியம் ஒன்றுதான். பிரதிப்பெயரைப் போட்டதும் சாயம் வெளுத்துவிடும்: குன்றானால் ‘ரான் அப் இட்’, பில்லானால் ‘ரான் இட் அப்’.

பிரதிப்பெயருக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டாயம் என்று கேட்டால், காரணம் காதில் இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தின் கடைசி இடம் பொதுவாகப் புதிய செய்திக்கும் கனமான சொல்லுக்கும் உரியது. ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ ஆகியவை முன்பே பேசப்பட்டதைச் சுட்டுவதால் அவற்றை விழுங்கியே உச்சரிக்கிறார்கள். ‘டர்ன் இட் ஆஃப்’ என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள், அழுத்தம் ‘ஆஃப்’ மேல் விழும். ‘லுக் அட் இட்’ என்பதில் அழுத்தம் ‘லுக்’ மேலேயே நின்று, மற்ற இரண்டும் தேய்ந்துபோகும். அதனால்தான், பிரதிப்பெயரையே அழுத்தி, அவனை அல்ல அவளை என்று வேறுபடுத்தும்போது, ‘பிக் அப் ஹெர், நாட் ஹிம்’ என்று அது கடைசிக்குப் போவதும் உண்டு. அதே காரணத்தால், ‘நேற்று நீ பின்னறையில் எரியவிட்டுவந்த விளக்கு’ என்பது போன்ற நீண்ட பெயர்த்தொடரை நடுவில் திணித்துவிட்டு ‘ஆஃப்’ என்ற சொல்லைக் கடைசியில் தொங்கவிடுவதும் காதுக்கு இடறும்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ‘டோன்ட் டேக் இட் அவுட் ஆன் மீ’ என்பது. வேறெங்கோ பட்ட கோபத்தை என்மேல் காட்டாதே என்று பொருள். ஐந்தாறு சிறுசொற்கள் வரிசையாக நிற்கும் இதில் இரண்டு விதிகளும் ஒன்றாகவே வேலை செய்கின்றன: ‘அவுட்’ வினையைச் சேர்ந்தது, ஆகவே ‘இட்’ அதற்கு முன்னால், ‘ஆன்’ பெயரைச் சேர்ந்தது, ஆகவே ‘மீ’ அதற்குப் பின்னால். ‘புட் அப் வித் ஹிம்’, ‘லுக் ஃபார்வர்ட் டு இட்’ போன்ற மூன்றடுக்கு வினைகளில் கடைசிச் சொல் முன்னிடைச்சொல் என்பதால் பிரதிப்பெயர் எப்போதும் முடிவிலேயே வரும். ‘கெட் ஓவர் இட்’ என்றால் அந்த வருத்தத்திலிருந்து மீண்டு வா. ‘கெட் இட் ஓவர் வித்’ என்றால் அதைச் சீக்கிரம் முடித்துத் தொலை. இந்த இரண்டாவதில் கடைசி ‘வித்’ எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கே விதி கைவிரிக்கிறது. ‘டர்ன் ஆன் ஹிம்’ என்பதற்கும் ‘டர்ன் ஹிம் ஆன்’ என்பதற்கும் உள்ள தூரத்தை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாக அலுவலகக் கடிதம் எழுதுவதற்கு முன்.

இதில் திணறுவது நாம் மட்டுமல்ல. 1755இல் வெளிவந்த தம் ஆங்கில அகராதியின் முன்னுரையில், வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருளை மாற்றும் இந்த வழக்கே அயல்மொழியினருக்கு மிகப் பெரிய இடர் என்று சாமுவேல் ஜான்சன் எழுதியிருக்கிறார்.

தமிழர்களுக்கென்று தனியாக இன்னொரு வழுக்கலும் உண்டு. நம் உருபுகளை அப்படியே தூக்கிச் சென்று ஆங்கில வினையின் தலையில் கட்டிவிடுகிறோம். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்ற நினைப்பில் ‘டிஸ்கஸ்’ வினையோடு ‘அபவுட்’ சேர்க்கிறோம். அந்த வினைக்கு அது வேண்டாம், ஆனால் ‘டிஸ்கஷன்’ என்ற பெயருக்கு வேண்டும். ‘என்னிடம் கேட்டார்’ என்பது ‘ஆஸ்க்ட் டு மீ’ ஆகிவிடுகிறது. ‘ஆஸ்க்ட் மீ’ போதும். ‘எனக்கு விளக்கு’ என்பதில் தனிச்சொல் எதுவும் கண்ணில் படாததால் ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ என்கிறோம்; அங்கேதான் ‘டு மீ’ கட்டாயம். ‘டெல் மீ’ என்பதற்கு ‘டு’ கிடையாது, ‘சே டு மீ’ என்பதற்கு உண்டு. இதற்கு விதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், ஒவ்வொரு வினையையும் அதன் துணையோடுதான் கற்க வேண்டும்.

நான் குறிப்பேட்டில் ‘டர்ன் ஆஃப்’ என்று வெறுமனே எழுதுவதை நிறுத்திவிட்டு, ‘டர்ன் இட் ஆஃப்’, ‘லுக் ஆஃப்டர் இட்’ என்று ‘இட்’ உட்காரும் இடத்தோடு சேர்த்தே எழுதத் தொடங்கினேன். கற்போருக்கான ஆங்கில அகராதிகள் சிலவற்றில் இந்த வினைகளின் நடுவே இருபுறமும் கூருள்ள ஓர் அம்புக்குறி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெயர்ச்சொல் சிறுசொல்லுக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம் என்பதற்கான அடையாளம் அது. அந்த அம்பு இருந்தால் உங்கள் ‘இட்’ நடுவில்.