துனிசியாவுக்குப் போகலாமா?

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஐவரி கோஸ்ட்டில் பிறந்தவர், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். குடும்பத்தோடு, வட ஆப்பிரிக்காவின் அரபு நாடான துனிசியாவுக்குச் சுற்றுலா போக இருக்கிறார். ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரிலிருந்து தம்பியும் வந்து சேர்ந்துகொள்வாராம். கறுப்பர்களுக்கு அங்கே ஆபத்து என்கிறார்கள் சிலர். போய்வந்தவர்களோ அந்த மக்களின் விருந்தோம்பலை வாயாரப் புகழ்கிறார்கள். எதை நம்புவது?
- ஒரு வாசகர், பாரிஸ்

பதில்: புகழ்ந்தவர்களில் கறுப்பர்கள் எத்தனை பேர்? முதலில் அதை விசாரியுங்கள்.

விருந்தோம்பல் பொய்யில்லை. ஆனால் அதை நம்பி ஒரு குடும்பத்தை அனுப்ப முடியாது. ஏனென்றால் அங்கே ஆபத்தைக் கிளப்பிவிட்டது நாட்டின் தலைமைப் பீடம். 2023 பிப்ரவரி 21 அன்று, சகாராவுக்குத் தெற்கிலிருந்து 'கூட்டங்கூட்டமாக' வருகிறவர்களால் நாட்டின் மக்கள்தொகை அமைப்பையே மாற்றச் சதி நடக்கிறது என்று அதிபர் கைஸ் சயீத் பேசினார். அடுத்த சில நாட்களிலேயே வீட்டுக்காரர்கள் கறுப்பினக் குடித்தனக்காரர்களை வெளியேற்றினார்கள். தலைநகர் தூனிஸில் ஐவரி கோஸ்ட் தூதரக வாசலில் கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் குளிரில் படுத்துக் கிடந்தன. முறையான அனுமதியோடு படிக்க வந்த மாணவர்களும் தாக்கப்பட்டார்கள். வெளியே போகாதீர்கள் என்று ஆப்பிரிக்க மாணவர் சங்கமே எச்சரித்தது. அடிக்க வருகிறவன் விசாவைப் பார்த்துவிட்டா கை ஓங்குகிறான்? கினியாவும் ஐவரி கோஸ்ட்டும் விமானம் அனுப்பித் தங்கள் மக்களை அழைத்துக்கொண்டன.

இத்தனைக்கும் அது 1846-லேயே அடிமை முறையை ஒழித்த நாடு. இனப் பாகுபாட்டைக் குற்றமாக்கும் சட்டத்தை 2018-ல் கொண்டுவந்த நாடு. நிறத்தைச் சொல்லித் திட்டினால் ஓராண்டு வரை சிறை. அந்தச் சட்டத்துக்காகப் போராடிய கறுப்பினத் துனிசியப் பெண்மணி சாதியா மொஸ்பா 2024 மே மாதம் கைது செய்யப்பட்டார். அதே மாதம், அகதிகளைத் தங்கவைக்க ஓட்டல்களிடம் டெண்டர் கேட்டு விளம்பரம் கொடுத்த துனிசிய அகதிகள் மன்றம் என்ற தொண்டு அமைப்பின் தலைவர் முஸ்தபா ஜெமாலியும் கைதானார். வயது எண்பதை ஒட்டிய மனிதர்! திக்கற்றவருக்குப் படுக்க இடம் தேடிக் கொடுப்பதே குற்றம் என்று ஓர் அரசு முடிவுகட்டினால், எந்த விருந்தோம்பலைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்?

மக்களைக் குறை சொல்ல மாட்டேன். அதிபர் பேசிய சில நாட்களிலேயே தூனிஸில் நூற்றுக்கணக்கானோர் அந்தப் பேச்சைக் கண்டித்து ஊர்வலம் போனார்கள். வெளியே வர அஞ்சி முடங்கியவர்களுக்குச் சோறும் குழந்தைகளுக்கான பொருள்களும் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் துனிசியர்கள்தான். ஆனால் அவர்கள் கையில் போலீஸ் இல்லை. 2023 ஜூலையில் ஸ்ஃபாக்ஸ் நகரிலிருந்து நூற்றுக்கணக்கான கறுப்பர்களைப் பாதுகாப்புப் படையினர் வண்டியில் ஏற்றி, லிபிய எல்லைப் பாலைவனத்தில் தண்ணீர்கூட இல்லாமல் இறக்கிவிட்டார்கள். ஒரு தாயும் ஆறு வயது மகளும் மணலில் பிணமாகக் கிடந்த படத்தை உலகமே பார்த்தது. ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்தவர் அந்தத் தாய்.

இனி உங்கள் நண்பர் விஷயம். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு கார்த்தேஜ், சிதி பூ சயீத், ஜெர்பா என்று சுற்றுலாத் தலங்களோடு நிறுத்திக்கொண்டால் பெரும்பாலும் நல்லபடியாகவே போய்வருவார். நுழைவு முத்திரை விழுந்த பாஸ்போர்ட் எப்போதும் அவர் கையில் இருக்கட்டும், ஓட்டல் லாக்கரில் அல்ல. ஸ்ஃபாக்ஸ் பக்கமும் தெற்கு எல்லைச் சாலைகளிலும் போக வேண்டாம். பிரெஞ்சுத் தூதரகத்தின் எண் பிள்ளைகளிடமும் இருக்கட்டும். கிளம்புமுன், அண்மையில் அங்கே போய்வந்த கறுப்பர் ஒருவரிடமாவது பேசிவிடச் சொல்லுங்கள்.

தம்பியின் நிலை வேறு. ஐவரி கோஸ்ட் பாஸ்போர்ட் உள்ளவர் விசா இல்லாமலே 90 நாள் தங்கலாம் என்பது விதி. தெருவில் மறித்து நிறுத்துகிறவருக்கு அது தெரியுமா, தெரிந்தாலும் மதிப்பாரா? 2023-ல் மாணவர்களின் அனுமதிச் சீட்டை யாரும் மதிக்கவில்லை. அண்ணனும் தம்பியும் சந்திக்க வேண்டுமென்றால், அண்ணன் அபிஜானுக்குப் போகட்டும்.