யூனியன் பேச்சை எடுத்தால் வேலை போகுமா? அமெரிக்காவில் வேலை செய்யும் வாசகர்களுக்குப் பதில்கள்

எங்கள் கிடங்கில் யூனியன் கிடையாது. ஹீட்டர் ஓடவில்லை என்று நாங்கள் நாலு பேர் சேர்ந்து மேனேஜரிடம் போய்க் கேட்டோம், இப்போது முறைக்கிறார்கள். யூனியன் இல்லாதவர்களுக்குச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா?

தாராளமாக இருக்கிறது. 1935-இல் வந்த தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு காப்பாற்றுவது யூனியன் அட்டையை மட்டுமல்ல, வேலை நிலைமைக்காகப் பல பேர் சேர்ந்து குரல் கொடுப்பதையும்தான். உங்கள் விஷயம் மாதிரியே ஒரு பழைய வழக்கு உண்டு. 1959 ஜனவரி, பால்டிமோர், வாஷிங்டன் அலுமினியம் என்ற கம்பெனி. கடும் குளிரில் மெஷின் ஷாப்பைச் சூடாக்கும் உலை பழுதாகிவிட, ஏழு பேர் இந்தக் குளிரில் முடியாது என்று வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவர்களுக்கு யூனியனும் கிடையாது. அனுமதியில்லாமல் வெளியே போனதாகச் சொல்லி ஏழு பேரையும் வேலையைவிட்டுத் தூக்கினார்கள். 1962-இல் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. ஒன்றே ஒன்று கவனியுங்கள்: தனியாளாகத் தன் சொந்தக் குறையை மட்டும் புலம்பினால் இந்தப் பாதுகாப்பு பொதுவாக வராது. கூட ஆள் இருக்க வேண்டும், அல்லது எல்லோருக்காகவும் பேச வேண்டும். மிரட்டல், அடிதடி என்று போனாலும் பாதுகாப்பு போய்விடும்.

சம்பளத்தைப் பற்றிச் சக ஊழியர்களிடம் பேசக்கூடாது என்று எங்கள் கம்பெனிக் கையேட்டில் போட்டிருக்கிறது. கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

சாதாரண ஊழியர் விஷயத்தில் அந்த விதி செல்லாது, நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி. இன்னமும் எத்தனையோ கையேடுகளில் இது தொடர்வதற்குக் காரணம், யாரும் கேட்பதில்லை என்பதுதான்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். யூனியன் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் யூனியன் கார்டில் கையெழுத்துப் போடலாமா?

போடலாம். இந்தச் சட்டம் விசாவைப் பார்ப்பதில்லை. ஆனால் உங்கள் பயம் நியாயமானது, அதைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. வேலை போனால் வேறு வழி தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம், புகாரோ பல மாதம், சில சமயம் வருடக்கணக்கில் இழுக்கும். அதனால் முதல் ஆளாகத் தனியாக நிற்காதீர்கள், இது என் அபிப்பிராயம். கையெழுத்துப் போட நாலைந்து பேர் சேர்ந்த பிறகு சேருங்கள், அப்புறம் ஒரு குடியேற்ற வக்கீலிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆவணமில்லாத தொழிலாளர்கள் நிலை இன்னும் மோசம். சட்டம் அவர்களுக்கும் பொருந்தும், ஆனால் 2002-இல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பால், தப்பாக நீக்கப்பட்டாலும் அவர்களுக்குப் பின்சம்பளம், அதாவது வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளம், கிடையாது.

நாங்கள் கார்டு சேர்ப்பது முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. "யார் யார் போட்டீங்க?" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறார், கடையையே மூடிவிடுவேன் என்கிறார். இதெல்லாம் செய்யலாமா?

மிரட்டல் கூடாது. துருவி விசாரிப்பது, உளவு பார்ப்பது, யூனியன் வேண்டாம் என்றால் சம்பளம் கூட்டுகிறேன் என்று ஆசை காட்டுவது, இவையும் கூடாது. யூனியன் வேண்டாம் என்று தன் கருத்தைச் சொல்ல மட்டும் அவருக்கு உரிமை உண்டு. கட்டாயக் கூட்டம் போட்டு உபதேசம் செய்வதை, இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அரசு அமைப்பான தொழிலாளர் உறவு வாரியம் 2024 நவம்பரில் அமேசான் வழக்கில் சட்டவிரோதம் என்றது. ஆனால் ஆட்சி மாறினால் வாரியத்தின் போக்கும் மாறும், அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

கணக்கு இதுதான்: 30 சதவீதம் பேர் கார்டு போட்டால் யூனியன் வேண்டுமா என்று வாரியத்திடம் தேர்தல் கேட்கலாம், பதிவான ஓட்டில் பாதிக்கு மேல் வந்தால் ஜெயம். கார்டுகளை வாரியம் முதலாளியிடம் காட்டாது. சின்னக் கடை என்று தயங்க வேண்டாம், 2021 டிசம்பரில் பஃபலோவில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடை 19-க்கு 8 என்ற ஓட்டில்தான் ஜெயித்தது. அவர் பேசிய ஒவ்வொன்றையும் தேதி, நேரம், பக்கத்தில் இருந்தவர் பெயரோடு அன்றைக்கே எழுதி வையுங்கள், கம்பெனி லேப்டாப்பில் மட்டும் வேண்டாம்.

நான் டீம் லீட். எனக்கும் இது உண்டா?

பட்டத்தைப் பார்க்க மாட்டார்கள், அதிகாரத்தைத்தான் பார்ப்பார்கள். ஆளை எடுக்க, நீக்க, தண்டிக்க, அல்லது சுயமாக யோசித்து வேலையைப் பிரித்துக் கொடுக்க உங்களுக்கு உண்மையிலேயே அதிகாரம் இருந்தால் நீங்கள் சூப்பர்வைசர், பாதுகாப்பு கிடையாது. ஷிஃப்ட் அட்டவணையை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு சரி என்றால் பயப்பட வேண்டாம்.

என் மனைவி ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்கிறார். அவருக்கு?

கிடையாது. வீட்டு வேலை, விவசாயக் கூலி, அரசு வேலை எல்லாம் 1935-லேயே இந்தச் சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டவை. எனக்கு இதில் இன்றைக்கும் கோபம்தான். மாநிலச் சட்டம் ஏதாவது கைகொடுக்குமா என்று பாருங்கள். கலிஃபோர்னியா 1975-இல் விவசாயத் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் போட்டது.

யூனியன் விஷயமாகத்தான் நீக்கினார்கள், ஆனால் "லேட்டாக வந்தார்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என்ன செய்ய?

முதலில் காலண்டரைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் வாரியத்தின் வட்டார அலுவலகத்தில் புகார் போட வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. உங்களைப் போலவே லேட்டாக வந்தும் நீக்கப்படாதவர்கள் யார் என்று குறித்துக் கொடுங்கள், இந்த மாதிரிக் கேஸில் அதுதான் உயிர். ஜெயித்தால் வேலையும் பின்சம்பளமும் கிடைக்கும், முதலாளிக்கு அபராதம் எதுவும் இல்லை. இடையில் வேறு இடத்தில் சம்பாதித்ததை அதில் கழிப்பார்கள், வேலையே தேடாமல் இருந்தாலும் பணம் குறையும். ஆகவே இன்றிலிருந்தே வேலை தேடுங்கள், விண்ணப்பித்த மின்னஞ்சல் ஒன்றையும் அழிக்காதீர்கள்.