சல்லியா, ஜல்லியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீடு கட்டும் ஜல்லி, காளை பிடிக்கும் ஜல்லிக்கட்டு, 'சல்லிக்காசு பெறாது' என்கிற வழக்கு. மூன்றும் ஒரே சொல்லா? எப்படி எழுதுவது சரி?

பதில்: பொருளைப் பார்த்தால் மூன்றும் ஒரு குடும்பம்தான். சல்லி என்றால் சிறு துண்டு, சன்னமானது. உடைத்த கல் சல்லி. சிறு செப்புக்காசு சல்லிக்காசு. நெல்லுக்கும் புல்லுக்கும் ஆணிவேர் இல்லாமல் கொத்தாக இறங்குவது சல்லிவேர். காளையின் கொம்பில் கட்டிய காசு முடிப்பை அவிழ்ப்பவனுக்கே அந்தக் காசு என்பதால் சல்லிக்கட்டு. இலங்கையில் இன்றும் 'கையில சல்லி இல்ல' என்றால் பணம் இல்லை என்று பொருள், சிங்களத்திலும் அப்படியே. கன்னடத்தில் உடைத்த கல் ஜல்லி. தமிழ் எழுத்து மரபில் ஜகரம் இல்லாததால் சல்லி என்பதே மரபு வடிவம். ஆனால் கல்லுக்கு ஜல்லி என்பது நிலைத்துவிட்டது. அப்படி எழுதுவதைப் பிழை என்று திருத்த வேண்டியதில்லை.

கேள்வி: கூழாங்கல், சரளை, பரல் எல்லாம் அதுதானே?

பதில்: இல்லை. ஆற்றில் உருண்டு வழவழப்பானது கூழாங்கல். மண்ணோடு கலந்து கிடப்பது சரளை. ஜல்லி மனிதர் உடைத்தது, முனை இருக்கும். பரல் பருக்கைக் கல்; சிலம்புக்குள் ஒலிப்பதும் பரல்தான். அதைச் சிலப்பதிகாரம் 'அரி' என்கிறது. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்ற வேறுபாட்டில்தான் வழக்கே தீர்ந்தது.

கேள்வி: கூரைக்கு ஒன்றரை ஜல்லி போடலாமா?

பதில்: கூடாது. ஒன்றரை அங்குலம், அதாவது 40 மி.மீ. கல், அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவைக்கு உரியது. கல்லின் அளவு தளத்தின் கனத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. 5 அங்குலக் கூரையில் கால் பங்கு சுமார் 31 மி.மீ.; எனவே முக்கால் ஜல்லி, அதாவது 20 மி.மீ. போதும். பெரிய கல் கம்பிகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும், அடியில் பொந்து விழும், ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். இறக்கியதும் ஒரு கை அள்ளிப் பாருங்கள். தட்டைச் சில்லுகள் அதிகம் இருந்தாலோ, உள்ளங்கையில் மாவுபோல் தூசி ஒட்டினாலோ கவனம் தேவை: தூசியைக் கழுவிவிடலாம், சில்லைத் திருப்பி அனுப்புங்கள். ஜல்லியை யூனிட் கணக்கில்தான் விற்பார்கள்; ஒரு யூனிட் 100 கன அடி. லாரிப் பெட்டியில் 10 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி உயரத்துக்கு ஜல்லி நிரம்பியிருந்தால் 2 யூனிட். உயரத்தைப் பெட்டியின் ஓரத்தில் அளக்காமல், ஜல்லியைச் சமப்படுத்திய பிறகு அளக்கவும்.