வைட்டமின் டி-யும் சுவாசத் தொற்றும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு வைட்டமின் டி 45 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இது குறைவா? வைரஸ் காய்ச்சல் வந்தால் ஆபத்தா?

பதில்: 45 என்ன? நானோகிராமா, நானோமோலா? ஒரு மில்லிலிட்டருக்கு 45 நானோகிராம் என்றால் தாராளம், ஒன்றும் செய்ய வேண்டாம். லிட்டருக்கு 45 நானோமோல் என்றால் 2.5-ஆல் வகுங்கள், 18 நானோகிராம் வரும். அது கொஞ்சம் குறைவு. எண்ணை மட்டும் எழுதி யூனிட்டை விட்டுவிடும் கடிதங்கள் நிறைய வருகின்றன. ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்திலேயே யூனிட் அச்சாகியிருக்கிறது, அதையும் சேர்த்து எழுதுங்கள். இனி கீழே வரும் அளவுகள் எல்லாம் நானோகிராம் கணக்கில்.

கேள்வி: 1,25-டைஹைட்ராக்ஸி வைட்டமின் டி சோதனை செய்தேன், நார்மல். அப்படியானால் குறைபாடு இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. செய்தது தவறான சோதனை. உடலின் இருப்பைக் காட்டுவது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. 1,25 என்பது அதிலிருந்து சிறுநீரகம் செய்யும், செயல்படும் வடிவம். இருப்பு குறையும்போது, கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் கூடும். அது சிறுநீரகத்தை முடுக்கி 1,25 வடிவத்தை நார்மலாகவோ அதற்கு மேலாகவோ வைத்திருக்கும். கடும் குறைபாட்டிலும் உங்கள் ரிப்போர்ட் இப்படி அழகாகவே வரலாம்.

கேள்வி: அப்பா வைரல் நிமோனியாவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். வைட்டமின் டி 9 என்று வந்தது. முன்பே மாத்திரை கொடுத்திருந்தால் இவ்வளவு முற்றியிருக்காதா? இப்போதாவது பெரிய டோஸ் ஊசி போடச் சொல்லலாமா?

பதில்: முதலில் ஒன்று: நீங்கள் மாத்திரை கொடுக்காததால்தான் இப்படி ஆயிற்று என்று அந்த 9 சொல்லவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள்.

உடலில் கடும் அழற்சி இருக்கும்போது 25-ஹைட்ராக்ஸி அளவு தானாகவே சரியும். இந்த வைட்டமினைச் சுமந்து திரியும் புரதம் குறைகிறது, இரத்தக் குழாய் வழி ஏற்றும் திரவத்தால் இரத்தம் நீர்க்கிறது. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தபோது, இரண்டே நாளில் அளவு ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்திருந்தது. அவர்களுக்குத் தொற்று எதுவும் இல்லை. கத்தி பட்ட அழற்சியே போதுமானதாக இருந்தது. அதனால் நிமோனியா முற்றிய ஒருவரிடம் அளந்த 9, நோய்க்கு முன்பு 15 ஆகவும் இருந்திருக்கலாம். காய்ச்சலில் எடுத்த அளவை வைத்துப் பழைய இருப்பைக் கணக்குப் போடக் கூடாது.

‘மருத்துவமனையில் மோசமானவர்கள் எல்லாருக்கும் டி குறைவு’ என்று சுற்றிச் சுற்றி வரும் அட்டவணைகளின் கோளாறும் இதுதான். எண்ணை நோய் விழுந்த பிறகு எடுத்துவிட்டு, அதையே நோய்க்குக் காரணமாக நிறுத்துகிறார்கள். போதாக்குறைக்கு முதுமை, உடல் பருமன், நீரிழிவு, சிறுநீரக நோய், வீட்டுக்குள்ளேயே முடங்கிய வாழ்க்கை என்று டி-யைக் குறைப்பவை எல்லாம் நிமோனியாவையும் முற்றவைப்பவை. இவற்றைக் கழிக்காமல் ‘டி குறைவு கொல்கிறது’ என்று எழுதுவது பொறுப்பற்ற செயல். படிக்கிறவர் வீட்டில் ஒருவர் வெண்டிலேட்டரில் இருக்கலாம் என்று அவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

பெரிய டோஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதை முறையாகச் சோதித்தாகிவிட்டது. டி குறைந்த, உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் நோயாளிகளுக்கு ஒரே முறையாக 5,40,000 யூனிட் (மருந்தை அளக்கும் சர்வதேச அலகு, IU) கொடுத்துப் பார்த்த ‘வயலட்’ ஆய்வு 2019-இல் வெளியானது. 90 நாள் மரண விகிதம் குறையவில்லை. பிரேசிலில் கொரோனாவுடன் மருத்துவமனையில் சேர்ந்த சுமார் 240 பேரிடம் 2,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். தங்கிய நாட்கள் குறையவில்லை, 2021-இல் முடிவு வந்தது. ஸ்பெயினின் கோர்தோபாவில் கால்சிஃபெடியால் (25-ஹைட்ராக்ஸி வடிவமே மருந்தாக) கொடுத்த 50 பேரில் ஒருவரும், கொடுக்காத 26 பேரில் 13 பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். மொத்தமே 76 பேர். யாருக்கு மருந்து என்பது மறைக்கப்படவில்லை. இரு குழுக்களிலும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் சமமாகப் பரவியிருக்கவில்லை. அதை வைத்து ஊசி கேட்காதீர்கள்.

அப்பா வீடு திரும்பி, சிஆர்பி (அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனை) இறங்கி, ஆறு முதல் எட்டு வாரம் போனபின் மறுபடி 25-ஹைட்ராக்ஸி பாருங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் எலும்புக்கும் தசைக்கும் அதைச் சரிசெய்ய வேண்டும். இப்போது ஆக்ஸிஜன், திரவம், ஊட்டம், மருத்துவர் சொல்லும் மருந்து, இவற்றில்தான் கவனம் வேண்டும்.

கேள்வி: அப்படியானால் டி-க்கும் நோய் எதிர்ப்புக்கும் தொடர்பே இல்லையா?

பதில்: இருக்கிறது. மூச்சுக்குழாய் செல்களும், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் 25-ஹைட்ராக்ஸியை அங்கேயே செயல்படும் வடிவமாக மாற்றிக்கொள்கின்றன. அதன் தூண்டுதலால் கேத்திலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதம் உருவாகிறது. ஆனால் ஆய்வகத் தட்டில் தெரிவது மூக்கொழுகும் மனிதனிடம் எவ்வளவு தெரிகிறது என்பதுதான் கேள்வி. 2017-இல் 25 ஆய்வுகளை, 11,000 பேரைத் திரட்டிப் பார்த்தபோது தொற்று வாய்ப்பு 12 சதவீதம் போலக் குறைந்தது. 10-க்குக் கீழ் இருந்து, தினமும் அல்லது வாரந்தோறும் எடுத்தவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. 2021-இல் ஆய்வுகள் கூடி 49,000 பேர் ஆனபோது பலன் 8 சதவீதமாகச் சுருங்கியது, குறைபாடு உள்ளவர்களுக்குத் தனிப் பலன் என்பதும் அவ்வளவு தெளிவாக நிற்கவில்லை. 2025-இன் கணக்கில் 61,000 பேருக்கு மேல். பலன் 6 சதவீதம், அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற எல்லையில். பிரிட்டனில் 6,000 பேரிடம் நடந்த சோதனையிலும் நார்வேயில் 34,000 பேரிடம் டி உள்ள காட் மீன் ஈரல் எண்ணெயை வைத்து நடந்த சோதனையிலும் கொரோனா குறையவில்லை. குறைபாடு இருந்தால் சரிசெய்யுங்கள், அது எப்படியும் தேவை. 20-க்கு மேல் இருப்பவர் சளிக்காக மேலும் மேலும் ஏற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: வாரம் ஒரு 60,000 யூனிட் என்று எட்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். நல்லதுதானே என்று இரண்டு வருடமாக நிறுத்தவில்லை. இப்போது வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம்.

பதில்: இன்றே நிறுத்துங்கள், கூடவே எடுக்கும் கால்சியம் மாத்திரையையும். இன்றைக்கே கால்சியம், கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை), 25-ஹைட்ராக்ஸி, பாராதைராய்டு ஹார்மோன் நான்கும் பார்க்கச் சொல்லுங்கள். குழப்பமோ சிறுநீர் குறைவோ இருந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எட்டு வாரம் என்றால் எட்டு வாரம்தான்! வாரம் 60,000 என்பது நாளுக்கு 8,500. பெரியவர்களுக்கான உச்ச வரம்பான 4,000-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். இது கொழுப்பில் தேங்கும் பொருள், நிறுத்திய பிறகும் கால்சியம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஏறியே நிற்கும். நச்சு நிலை பெரும்பாலும் 150-க்கு மேல்தான் என்றாலும், அறிகுறி இருக்கும்போது எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது. வாரத்துக்கு ஒன்று என எழுதியதைத் தினமும் விழுங்கியவர்களும் உண்டு. சீட்டை வீட்டில் இன்னொருவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

கேள்வி: தினமும் எடுக்க மறந்துபோகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். மொத்தமாகக் கொட்டினால் எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோன் கூடி, டி-யைச் சிதைக்கும் நொதி முடுக்கப்படுகிறது. சுவாசத் தொற்று ஆய்வுகளில் கொஞ்சமாவது பலன் தெரிந்தது தினமும் அல்லது வாரந்தோறும் எடுத்த சிறு டோஸ்களில்தான். வயதான பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை 5,00,000 யூனிட் கொடுத்த ஆஸ்திரேலிய ஆய்வில் விழுதலும் எலும்பு முறிவும் கூடின. பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் மாத்திரையை வையுங்கள்.

கேள்வி: ஜன்னல் ஓரம் வெயிலில் தினமும் உட்காருகிறேன். போதுமா?

பதில்: கண்ணாடி மூடியிருந்தால் பலன் இல்லை, புற ஊதா-பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வெளியே, உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் கை கால் வெயிலில் பட வேண்டும். தோல் சிவக்கும் வரை நிற்கக் கூடாது.

கேள்வி: டி மாத்திரை தொட்டதே இல்லை. ஆனால் அளவு 110 என்கிறார்கள்.

பதில்: முடிக்காக பயோட்டின் எடுக்கிறீர்களா? சில கருவிகளில் அது பொய்யாக உயர்த்திக் காட்டும். மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். முடிந்தால், பயோட்டினால் ஏமாறாத மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற சோதனை முறையில்.

கேள்வி: சார்காய்டோசிஸ் இருக்கிறது. மழைக்காலச் சளிக்கு முன்னெச்சரிக்கையாக டி எடுக்கலாமா?

பதில்: நீங்களாக எடுக்கக் கூடாது. சார்காய்டோசிஸ் என்பது நுரையீரல் போன்ற உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் உண்டாகும் நோய். அந்தக் கட்டிகளில் உள்ள செல்களே கட்டுப்பாடின்றிச் செயல்படும் டி-யைத் தயாரிக்கும், கால்சியம் எகிறும். காசநோய், பாராதைராய்டு மிகைச் சுரப்பு, அடிக்கடி சிறுநீரகக் கல் உள்ளவர்களும், தையசைடு (சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை) அல்லது டிஜாக்ஸின் (இதய மருந்து) எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். வலிப்பு மருந்துகளான ஃபெனிடாயின், கார்பமசெபின், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு நேரெதிர்: டி சீக்கிரம் கரையும், வழக்கமான டோஸ் போதாமல் போகலாம்.

கேள்வி: டி நன்றாக இருந்தால் ஃப்ளூ தடுப்பூசி தேவையில்லையே?

பதில்: தேவை.

கேள்வி: அளவு 11. எவ்வளவு, எப்படி எடுக்க வேண்டும்? எப்போது மறுபடி சோதிப்பது?

பதில்: காய்ச்சலில் எடுத்த சோதனை இல்லையே? இல்லையென்றால், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 முதல் 2,000 யூனிட் டி3. நாளுக்கு 1,000 யூனிட், இருக்கும் அளவோடு சுமார் 10 நானோகிராமைக் கூட்டும். பருமனானவர்களுக்கு அதில் பாதிதான் ஏறும். மருத்துவர் வாரத்துக்கொரு பெரிய டோஸ் எழுதினால், அவர் சொன்ன வாரங்கள் மட்டும். மைக்ரோகிராமில் எழுதிய டப்பா என்றால் 40-ஆல் பெருக்குங்கள். 25 மைக்ரோகிராம் 1,000 யூனிட். கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்குங்கள், வெறும் வயிற்றில் உறிஞ்சுதல் குறையும். இரத்தத்தில் இதன் அரை ஆயுள் இரண்டு மூன்று வாரம் என்பதால் அளவு நிலைப்பட மூன்று மாதம் ஆகும். அதற்கு முன் சோதிப்பது காசுக்குக் கேடு. மூன்றாம் மாதம் காய்ச்சல் இருந்தால் இன்னும் சில வாரம் தள்ளிப் போடுங்கள்.